சுவரில் எழுதிய கட்டளைகள்: ‘விலங்குப் பண்ணை’யும் மலையகத் தொழிலாளரும்

விலங்குகளைப் பேசவைத்து அரசியல் கூறுவது நமக்குப் புதியதன்று. பஞ்சதந்திரத்தில் நரியும் சிங்கமும் காகமும் ஆந்தையும் பேசுகின்றன. ஆயின் அக்கதைகள் அரசகுமாரருக்குக் கூறப்பட்டவை. ஆள்வது எவ்வாறு என்று ஆளப்போகிறவனுக்குக் கற்பிப்பவை. ஜோர்ஜ் ஓர்வெல் 1945ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’ இதனைத் தலைகீழாக்கியது. அதில் விலங்குகள் எசமானனைத் துரத்துகின்றன. ஏழு கட்டளைகளைக் களஞ்சியச் சுவரில் எழுதுகின்றன. பின்னர் தமக்குள்ளேயே ஒரு எசமானனை உருவாக்கிக்கொள்கின்றன. சோவியத் ஒன்றியம் பிரித்தானியாவின் போர்க்கால நட்பு நாடாக விளங்கியமையால் பதிப்பகங்கள் பல இந்நூலை அச்சிட மறுத்தன என்பது பலரும் அறிந்ததே.

கிழட்டுப் பன்றி மேஜரை மார்க்ஸ் எனவும் லெனின் எனவும், நெப்போலியனை ஸ்டாலின் எனவும், துரத்தப்பட்ட ஸ்நோபோலை ட்ரொட்ஸ்கி எனவும் இனங்காண்பதுடன் வகுப்பறை வாசிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அது பிழையன்று, ஆனாற் போதாது. இந்நூலின் பொருளை நம் நாட்டில் எவரினும் நன்கு அறிந்திருக்க வேண்டியவர்கள் யாவர் என்ற வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, 1940இல் மொஸ்கோ சார்பானோரைத் தன்னிடமிருந்து விலக்கிய கட்சி. உலகெங்கும் இடதுசாரிகளிற் பெரும்பான்மையோர் ஸ்டாலினைப் போற்றிக்கொண்டிருந்த காலத்தில், ட்ரொட்ஸ்கியின் பக்கம் நின்று ‘புரட்சி காட்டிக்கொடுக்கப்பட்டது’ என்று துணிந்து கூறியவர்கள் அவர்கள். கதையின் மொழியிற் கூறுவதாயின் ஸ்நோபோலின் ஆட்கள்.

அவர்களுடைய தொடக்ககாலத் தடங்கள் எம் ஊரைச் சுற்றியே கிடக்கின்றன. கம்பளையிலிருந்து புகையிரதத்தில் சிறிது தொலைவிலுள்ள நாவலப்பிட்டியில் 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் துரைத்தனத் தொழில் பயில வந்திருந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் மேடையேறித் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளையர் ஒருவர் கூலிகளின் பக்கம் நின்று பேசியது துரைமாருக்குப் பொறுக்கவில்லை. அவரை நாடுகடத்தும் ஆணை பிறந்தது; சமசமாஜிகள் அவரை ஒளித்துவைத்துக் காத்தனர்; உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. 1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானபோது அத்தொழிலாளரின் பக்கம் நின்றதும் அக்கட்சியே. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை இந்தியர் காங்கிரசின் முதல் மாநாடு கம்பளையிற் கூடியது. தொழிலாளரைத் திரட்டுவதில் இரு அமைப்புகளும் போட்டியிட்டன என்பது உண்மையே. எனினும் மலைநாட்டில் ஏதோ எழுதப்படத் தொடங்கியிருந்தது.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது சமசமாஜிகள் பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து வாக்களித்தனர். வர்க்கத்தை இனமாகப் பிளக்கும் சட்டம் அது என்று என். எம். பெரேரா முதலானோர் வாதாடினர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு மொழி எனின் இரு நாடு, இரு மொழி எனின் ஒரு நாடு என்ற பொருள்பட கொல்வின் ஆர். டி சில்வா விடுத்த எச்சரிக்கை இன்றுவரை நினைவுகூரப்படுகின்றது. அக்காலத்தில் சுவரில் எழுதியிருந்த கட்டளைகள் தெளிவானவை.

அழித்தெழுதல் 1964இல் தொடங்கிற்று எனலாம். அவ்வாண்டு ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியபோது அவர்கள் அமைச்சரவையிலேயே இருந்தனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என, இரு அரசுகள் மனிதரை எண்ணிப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1966 சனவரியில் தமிழ்மொழி விசேட விதிகளை எதிர்த்து நிகழ்ந்த ஆர்ப்பாட்டத்திலும் இடதுசாரிக் கட்சிகள் முன்னணியில் நின்றன. பத்தாண்டுகளுக்கு முன் அதே மொழியின் உரிமைக்காக வாதாடியவர்கள் அவர்கள்.

1970இல் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. 1940இல் பிரிந்த ட்ரொட்ஸ்கியவாதிகளும் மொஸ்கோ சார்பினரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். ஓர்வெலின் கற்பனைக்குங்கூட எட்டாத காட்சி இது. 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பை ஆக்கும் பணியில் தலைமை வகித்தவர் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்த கொல்வினே. அதன் 6ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 7ஆம் பிரிவு சிங்களத்தை ஆட்சிமொழியாக்கியது. சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவாக இருந்த சிறுபான்மையோர் காப்பு மறைந்தது. அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன. ஆயினும் பேச்சு, சங்கம் அமைத்தல், நடமாடுதல் போன்றவை பிரசைகளுக்கு மட்டும். கதையிலே கட்டளைகள் சிலவற்றின் ஈற்றில் இரவோடிரவாக இரண்டொரு சொற்கள் சேர்ந்துகொள்ளும். இங்கே சேர்ந்தது ஒரே சொல். பல இலட்சம் தொழிலாளரை வெளியே நிறுத்த அது போதுமாயிருந்தது.

நிலச் சீர்திருத்தத்தை இவ்விடத்திற் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர், நெல்வயலாயின் 25 ஏக்கர் என எல்லை வகுத்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. அந்நியர் ஒரு நூற்றாண்டாகச் சுரண்டிய மண் நாட்டுக்குத் திரும்பியமை நியாயமானதே. அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கத்தில் உழுபவன் யார் என்பதே வினா. மலையைத் தேயிலையாக்கியவனுடைய பெயர் பங்கீட்டுப் பட்டியலில் இல்லை. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பகுதிகளில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுக்கப்பட்ட தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. காணி கிடைத்தது அயற்கிராமத்தவருக்கும் அரசியல்வாதிகளுக்கு வேண்டியவர்களுக்கும். தொழிலாளருக்கு வேலை போயிற்று. பின்னர் லயமும் போயிற்று. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை முடிச்சுடன் சென்றனர். அரசுடைமையான தோட்டங்களை எந்த அமைச்சு ஆள்வது என்பதில் விவசாய, காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கும் பெருந்தோட்டத்துறை அமைச்சரான கொல்வினுக்குமிடையே இழுபறி மூண்டது. 1975 செப்டெம்பரில் சமசமாஜிகள் அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணம். அவ்விழுபறியிலும் தொழிலாளரை எவரும் கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதே பஞ்சமும் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லத் தடையிருந்தது. கிராமத்தவர் கொல்லையில் மரவள்ளி நட்டுக்கொள்ளலாம். தோட்டத்திலோ வாசற்படிவரை தேயிலை. தோட்டப்புற இறப்பு வீதம் அவ்வாண்டுகளில் ஏனைய மக்களினதைவிட வெகுவாக உயர்ந்தது. கம்பளைத் தெருக்களில் தோட்டத்துக் குடும்பங்கள் கையேந்தி நின்றன. என் அம்மாயிக்கு அப்போது இருபத்தொரு வயது. கம்பளைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அக்காலம் பற்றி நான் கேட்டபோது, “கொழுந்து நெறையா இருந்துச்சி, மாவுதான் இல்ல” என்றார். அடுத்த மலையில் துண்டாடப்பட்ட தோட்டத்திலிருந்து வந்த இரு குடும்பங்கள் அவர்களுடைய இஸ்தோப்பில் பல மாதங்கள் தங்கியிருந்தனவாம். அதற்குமேல் அவர் விரித்துரைக்கவில்லை.

பொக்சர் என்ற குதிரையை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியாது. உழைப்பைத் தவிர வேறொன்றும் அறியாத அது எழுத்தில் நான்கைக்கூடக் கடக்கவில்லை. சுவரில் எழுதியது மாறியபோது அதற்குத் தெரியவில்லை. தோட்டப் பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அன்று கல்வியில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி முழுமைபெற எண்பதுகளாயிற்று. இதனைவிட என்னை உறுத்துவது பெஞ்சமின் என்ற கழுதை. அதற்கு நன்றாக வாசிக்கத் தெரியும். வாய் திறப்பதில்லை, திறந்தபோது பொக்சரை ஏற்றிய வண்டி புறப்பட்டுவிட்டது. பேராதனையிலிருந்து கம்பளை பத்துக் கல் தொலைவுகூட இல்லை. 1974இல் இப்பல்கலைக்கழகத்தில் நூல்கள் இருந்தன, விவாத அரங்குகள் இருந்தன, சிவப்புக் கொடிகளும் இருந்தன.

ஆயினும் ஓர்வெலின் உருவகம் நமக்கு முற்றாகப் பொருந்துவதன்று. அவருடைய பண்ணையில் எல்லா விலங்குகளும் முதலில் ஒரே களஞ்சியத்தில் கூடின, ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்களித்தன, பின்னரே உரிமை பறிபோயிற்று. நம் மலைநாட்டில் புரட்சி பேசியவர்கள் ஆட்சிக்கு வருமுன்னரே தொழிலாளரின் வாக்கு போய்விட்டது. 1947இல் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் உட்பட எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1970இல் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. வாக்கற்றவனை ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை, மறந்துவிட்டாற் போதும். 1971இல் கிளர்ந்த இளைஞரோ மறக்கவுமில்லை. ஜே.வி.பி.யின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளி அதன் கருவியாகக் கருதப்பட்டான். நம்மவரின் தலைமை மட்டும் மாசற்றதென்று கூறவும் என் மனம் ஒப்பவில்லை. காங்கிரசின் கம்பளைக் கிளைத் தலைவராகப் பொதுவாழ்வுக்கு வந்த சௌ. தொண்டமான் தாமும் ஒரு தோட்ட உரிமையாளர், 1978இல் அமைச்சரானார். குடியுரிமையைப் படிப்படியாக மீட்டெடுத்ததில் அவருக்குள்ள பங்கும் உண்மை, அந்த முரண்பாடும் உண்மை.

எதிர்ப்பே இருக்கவில்லை என்றும் கொள்ளலாகாது. 1977 மே மாதம் நுவரெலியா, மஸ்கெலியாப் பகுதிகளில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து தடுத்தனர். டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்தார். காணிப் பங்கீடு நின்றது.

கதையின் இறுதிக் காட்சியில் பன்றிகளும் மனிதரும் ஒரே மேசையிலிருந்து சீட்டாடுகின்றனர். 1992இல் அரசுத் தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. அம்மாயியின் தோட்டத்துப் பெயர்ப்பலகை அவர் அறிய மும்முறை மாறிற்று. பெரட்டுக்களம் மாறவில்லை, காலையில் பேர் பதியும் நேரமும் மாறவில்லை. அவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தது 1994ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. யாருக்கு வாக்களித்தார் என்பதை இன்றுவரை எங்களிடம் கூறியதில்லை.