திரும்பாமல் திசை மாற்றும் ஆண்டெனா

ஓடும் பொருளைக் காணக் கழுத்தைத் திருப்புவது உயிர்களின் இயல்பு. செயற்கைக்கோள்களை நோக்கிய தொடக்ககால ஆண்டெனாக்களும் அவ்வாறே தம் உடல் முழுவதையும் திருப்பின. 1962 ஜூலை 10ஆம் நாள் விண்ணேறிய டெல்ஸ்டார், ஒரு சுற்றில் ஏறத்தாழ 20 நிமிடங்களே நிலையங்களுக்குப் பயன்பட்டது. அதனைப் பின்தொடர, இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் 1,100 டன் எடையுள்ள கிண்ண வடிவ ஆண்டெனாவைச் சுழற்ற வேண்டியிருந்தது. இத்தகைய பெருஞ்செலவு செய்ய வல்ல நாடுகளுக்கே விண்வழித் தொடர்பு அன்று உரியதாயிற்று.

ஆயினும், ஆண்டெனாவை அசைக்காமலே அலையின் திசையை மாற்றும் வழி அதற்கு 57 ஆண்டுகள் முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதை எண்ணும்போது நாம் வியப்புறுகின்றோம். அதனைக் காட்டியவர் பேராசிரியர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். அந்நாளில் ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், 1905இல் அவர் மூன்று ஆண்டெனாக்களை முக்கோணமாக நிறுத்தினார். ஒன்றிற்குச் செல்லும் மின்னோட்டத்தை மட்டும் சற்றே பிந்தச் செய்தார். அலை ஒரு புறம் வலுத்து, மறுபுறம் மெலிந்தது. பிந்தும் ஆண்டெனாவை மாற்றியதும் அலையின் திசையும் மாறிற்று.

இதன் நுட்பத்தைக் குளக்கரையில் காணலாம். வரிசையாக நிற்கும் சிறுவர்கள் ஒரே நேரத்தில் கல்லிட்டால், முகட்டோடு முகடு கூடி அலை நேரே செல்லும். ஒருவர்பின் ஒருவராகச் சிறிது பிந்தி இட்டால், பிந்தியோர் பக்கம் அலை சாயும்.

கருத்து எளிது, செயல் அரிது. அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி தூரத்திற்கு ஒன்றாகச் சிற்றாண்டெனாக்களை அமைத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் வேண்டாத திசைகளிலும் அலை பாயும். 12 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அத்தூரம் 1.25 சென்டிமீட்டரே! ஆகவே ஒரு சிறு பலகையிலேயே நூற்றுக்கணக்கானவை வேண்டும். ஒவ்வொன்றின் தாமதத்தையும் நொடிக்குள் கணித்து மாற்ற வேண்டும். மிகவும் சாய்த்தாலோ வலிமை குன்றும். இச்சுமையை ஏற்க நுண்மின்சில்லுகள் பிறக்கும்வரை உலகம் காத்திருந்தது. 1998இல் பணி தொடங்கிய இரிடியம் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் இத்தகைய மூன்று ஆண்டெனாக்களால் 48 கற்றைகளைத் தரைமீது பரப்பியது. 2020க்குப் பின் இல்லக் கூரைகளிலும் கப்பல்களிலும் தட்டையான பலகைகள் அமர்ந்து, விரையும் கோள்களைத் தொடர்கின்றன.

பிரவுன் இதனைக் கண்டாரல்லர். 1909இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், காப்புரிமை வழக்கொன்றிற்காக நியூயார்க் சென்று, உலகப் போரினால் தாயகம் திரும்ப இயலாமல், 1918இல் அங்கேயே கண்மூடினார்.

“இப்படிப்பு இன்று எதற்குப் பயன்படும்?” என்று பிள்ளைகளிடம் வினவுமுன், அந்த மூன்று ஆண்டெனாக்களை நாம் நினைத்துக்கொள்வது நலம்.