சார்ஸ் யார் வீட்டுப் பிள்ளை?

எங்க ஊரு அரக்கோணம் இருந்த இடத்துலயேதான் இருக்கு. மாவட்டம் மட்டும் வட ஆற்காடு, வேலூர்னு மாறி, 2019 நவம்பர்ல ராணிப்பேட்டை ஆயிடுச்சு. எப்போ மாறுச்சுன்னு கேட்டா அரசாணையைக் காட்டிடலாம். ரூபி மொழியில அந்த அரசாணை சமாச்சாரம் கிடையாது மக்களே! புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ஏற்கெனவே உள்ள கிளாஸை யார் வேணும்னாலும் திறந்து மெத்தட் சேர்க்கலாம், மாத்தலாம். அதனால வந்த ஒரு வம்பு, நம்ம தமிழையும் தொட்ட கதை இது.

ரூபி 1.8 எழுத்தை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும். யுடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 'அம்மா'வின் நீளம் 15! அந்தக் கணக்குல வாக்கியத்தை வெட்டினா கடைசி எழுத்து உடைஞ்சு கேள்விக்குறியா நிக்கும். 2007 ஜனவரியில் வந்த ரெயில்ஸ் 1.2 இதுக்கு வைத்தியமா, ரூபியோட ஸ்ட்ரிங் கிளாஸுக்கு 'சார்ஸ்'னு ஒரு மெத்தட் கொடுத்துச்சு. அது வழியா கேட்டா 5 (அ, ம, புள்ளி, ம, கால்).

2008 மே கடைசியில் ரூபி 1.8.7 வந்தது. அதுல ரூபியே சொந்தமா ஒரு 'சார்ஸ்' வச்சிருந்தது. பேர் ஒண்ணு, வேலை வேற. ரெயில்ஸ் தன்னோடதை ஒரு மாட்யூல்ல வச்சு உள்ளே சேர்த்திருந்தது. வீட்டுக்காரர் இருக்கும்போது குடியிருக்கிறவர் பேச்சு எடுபடுமா? கிளாஸோட சொந்த மெத்தட்தான் ஜெயிச்சது. வாக்கியத்தை வெட்டுற ரெயில்ஸ் 2.0 மெத்தட் பிழை காட்டிப் படுத்துடுச்சு. அந்த நவம்பர்ல வந்த ரெயில்ஸ் 2.2, 'எம்பி_சார்ஸ்'னு பேரை மாத்திக்கிட்டது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு மெத்தட்டை மறுபடி எழுதினா, '-டபிள்யூ' போட்டு ஓட்டும்போது ரூபி எச்சரிக்கும். இங்கே யாரும் எதையும் மறுபடி எழுதலை, அதனால சத்தமே இல்லை. புது மெத்தட் வந்தா மணியடிக்கும் 'மெத்தட்_ஆடட்' வச்சாலும் பிரயோஜனமில்லை. மணி கட்டுறதுக்கு முன்னாடியே ரூபியோட 'சார்ஸ்' உள்ளே உக்காந்திருக்கே!

மெத்தட்டையே பிடிச்சு "உன் ஓனர் யாரு?"ன்னு கேக்கணும். ஸ்ட்ரிங்னு பதில் வந்தா ரெயில்ஸ் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். வேடிக்கை என்னன்னா, அந்த 'ஓனர்' வசதியே இதே 1.8.7-லதான் வந்தது. வியாதியும் மருந்தும் ஒரே பொட்டலத்துல!

அப்புறம் 2009-ல் ரூபி 1.9.1 'சோர்ஸ்_லொகேஷன்' கொடுத்தது. ரூபியில எழுதின மெத்தட்னா எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு சொல்லிடும். 2013-ல் ரூபி 2.0-வோட வந்த 'ரிஃபைன்மெண்ட்ஸ்', கேட்ட ஃபைலுக்குள்ள மட்டும் மாற்றத்தை அடைச்சு வைக்க வழி செஞ்சது.

மாத்துறது தப்பில்லை. அன்னிக்கு 'அம்மா'வை ஒழுங்கா எண்ண 'சார்ஸ்' கை கொடுத்துச்சு. யார் மாத்தினாங்கன்னு கேட்டா பதில் கிடைக்கணும், அவ்ளோதான்.