கொடுமணலில் ஒரு தக்களி

"இங்க என்ன இருக்குதுன்னு இத்தன பேரு கெளம்பி வந்திருக்கறீங்க, அம்மிணி?"

கொடுமணல் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் ஒன்பது பேர். செக்கிங், ஓவர்லாக், கைமடி, அயர்ன் என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள், இன்னும் பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்த ஒரு வாரத்தில் நான்தான் அவர்களை அழைத்துப் போயிருந்தேன். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மேட்டு நிலம், முள்வேலி, மண்ணில் பாதி புதைந்த பலகைக் கற்கள், காலில் இடறும் பானை ஓடுகள். கோபுரம் இல்லை, கோட்டை இல்லை.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி இங்க பெரிய ஊரு இருந்துச்சுங்கம்மா" என்றேன்.

"இருந்திருக்கும். அந்த ஊருப் பொம்பளைக என்ன பண்ணீட்டு இருந்தாங்களாமா?"

நான் படித்துவிட்டுப் போயிருந்த எதிலும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை. வீடு திரும்பிய பிறகு மறுபடியும் புத்தகங்களைத் திறந்தது அதனால்தான்.

நொய்யல் ஆற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறது. நகை செய்யும் ஊர் என்ற பெருமையோடு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் எ. சுப்பராயலு தலைமையில் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் கா. ராஜன் பல பருவங்கள் தோண்டினார். இரும்பு உருக்கிய உலைகள், சங்கு வளையல்கள், பச்சைக்கல், நீலக்கல், படிகம் அறுத்து மணியாக்கிய பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. ஒரே ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. பச்சைக்கல்லுக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் அது விளைந்தது. சூதுபவளக் கல் குஜராத்திலிருந்து வந்தது.

இவற்றோடு சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. நூல் நூற்கும் கதிரில் பளுவுக்காகக் கோக்கும் வட்டச் சில்லு அது. சிலவற்றின் துளையில் இரும்புக் கம்பி அப்படியே நின்றிருந்தது. கொடுமணலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எழுத்தையும் எஃகையும் மணியையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். தக்களி பட்டியலின் கடைசியில் "முதலியன" என்ற சொல்லுக்கு முன்னால் வரும்.

இந்த ஊர் ஒரு பெருவழியின் மேல் இருந்தது. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் நுழைந்து, நொய்யலை ஒட்டிக் கரூர் போகும் வழி. முசிறியிலிருந்து மறுபக்கம் போனால் கடல். பருவக்காற்றில் செங்கடல், எகிப்தின் பாலைவனத்தில் ஒட்டக முதுகு, கோப்டோஸ் என்ற ஊரில் நைல் நதிப் படகு, கடைசியில் மத்தியதரைக் கடலோரம் அலெக்ஸாண்டிரியா. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் தாள் இந்த வழியைச் சொல்கிறது. இப்போது வியன்னாவில் உள்ள அது, முசிறி வணிகத்துக்கான ஒரு கடன் ஒப்பந்தம். அதன் மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த நறுமணப் பொருள், தந்தம் போன்ற சரக்குகளின் மதிப்பு எழுதியிருக்கிறது. அரசுக்கு வரி நாலில் ஒரு பங்கு. இந்தத் தாளை ஆய்வாளர்கள் முதலில் பதிப்பித்ததும் 1985இல்தான். கொடுமணலில் மண்வெட்டி விழுந்த அதே வருடம்.

அலெக்ஸாண்டிரியாவுக்குப் போகிறவர்களுக்குப் பார்க்க எவ்வளவோ உண்டு. உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் பூகம்பங்களில் விழுந்துவிட்டது. அது நின்ற இடத்தில் 1477இல் சுல்தான் கைத்பே கட்டிய கோட்டை நிற்கிறது. ரோமானியர் நிறுத்திய பெருந்தூண் இருக்கிறது. பாறையைக் குடைந்த நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. பழைய நூலகத்தின் நினைவாக 2002இல் திறந்த புது நூலகம் இருக்கிறது. பெண்கள் பெயரும் அந்த நகரத்தில் உண்டு: அரசி கிளியோபாட்ரா, 415இல் ஒரு கும்பல் கொன்ற கணித அறிஞர் ஹைப்பேஷியா. அரசியாக இருந்தாலோ, கொலையுண்டாலோதான் பெயர் நிற்கும்போல. துறைமுகத்தில் மூட்டை பிரித்துத் துணியை எண்ணி அடுக்கிய பெண்களுக்கு எந்த ஊரிலும் தூண் இல்லை.

ஆனால் வணிகத்தில் நட்டம் என்றால் மட்டும் பெண்ணின் நினைவு உடனே வந்துவிடுகிறது. ரோமானியப் பேரரசர் திபேரியஸ் கி.பி. 22இல் செனட் சபைக்கு எழுதிய கடிதத்தில், பெண்கள் ஆசைப்படும் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறது என்று வருந்தியதாக வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதுகிறார். அதே நூற்றாண்டில் பிளினி கணக்கே போட்டார்: இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்குமாக ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போகிறதாம், நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு வைக்கும் செலவு இது என்று முடிக்கிறார். மிளகை அள்ளிப் போட்டுத் தின்ற ஆண்களின் நாக்கு அந்தக் கணக்கில் வரவில்லை. கடன் கொடுத்து லாபம் பார்த்த வணிகர்களும் நாலில் ஒரு பங்கு வரி வாங்கிய அரசும் கூட வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை. வெள்ளலூர், கத்தாங்கண்ணி என்று கொங்கு மண்ணில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. குறைப்பட்டுக்கொண்டவரின் முகம் பொறித்த காசே நம் காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அங்கே வாங்கிய பெண் மேல் பழி. இங்கே செய்த பெண் பற்றிப் பேச்சே இல்லை. இருவருக்கும் நடுவில் நடந்ததைத்தான் வணிக வரலாறு என்று நாம் படிக்கிறோம்.

இங்கே செய்தது பெண்தான் என்று எப்படிச் சொல்வது? சங்கப் பாடல்களில் சாட்சி இருக்கிறது. நற்றிணை 353ஆம் பாட்டில், ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் நூற்ற மெல்லிய நூல் மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக வருகிறது. புறநானூறு 326இல் பஞ்சு வேலை பார்க்கும் ஒரு பெண் இரவில் எழுந்து, சின்ன விளக்கு வெளிச்சத்தில் தூசும் செத்தையும் புடைக்கிறாள். இதை நான் வாசித்துக் காட்டியபோது எங்களில் ஒருத்தி, "அப்பவே நைட் ஷிப்டு இருந்திருக்குதா?" என்று கேட்டாள். சிரித்தோம். ஆனால் அவள் சொன்னது சரி. கைத்தறிக் கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: தறியில் இருக்கும் ஒருவருக்கு நூல் பற்றாமல் இருக்கப் பல கைகள் இடைவிடாமல் நூற்க வேண்டும். கப்பலேறிய ஒவ்வொரு முழத் துணிக்குப் பின்னாலும் அப்படி எத்தனையோ இரவுகள் இருந்திருக்கின்றன.

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்று தமிழியில் எழுதிய ஓடுகள் கிடைத்தன. நம் ஆண்கள் அங்கே போயிருக்கிறார்கள், பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றவளின் கை வேறு விதமாகப் போயிருக்கிறது. அதே கரையில் பெரனிகே என்று இன்னொரு துறைமுகம். அங்கே கிடைத்த துணிக் கிழிசல்களை ஜான் பீட்டர் வைல்டும் ஃபெலிசிட்டி வைல்டும் ஆராய்ந்தார்கள். எகிப்தில் நூலை எஸ் முறுக்காக நூற்பது வழக்கம். இந்தியாவில் இசட் முறுக்கு. எஸ் என்ற எழுத்தின் நடுக்கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இழை சாய்ந்தால் எஸ் முறுக்கு, இசட்டின் நடுக்கோட்டைப் போலச் சாய்ந்தால் இசட். நூல் வியாபாரத்தில் இன்றும் புழங்கும் சொற்கள் இவை. இந்த முறுக்கை வைத்துத்தான் பெரனிகேயின் பருத்தித் துணிகள் பலவும் இந்தியாவிலிருந்து வந்தவை என்று அறிந்தார்கள். அவற்றில் கப்பலின் பாய்த்துணியும் இருந்தது. காற்று தள்ளியது என்று எழுதுகிறோமே, அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்திய துணி அது.

அந்த நூல் கொடுமணலில் நூற்றதுதான் என்று முறுக்கு சொல்லிவிடாது. ஆனால் ஒரு கை எந்தப் பக்கமாகக் கதிரைச் சுழற்றியது என்பது கடல் கடந்து இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. எழுத்துத் தெரிந்தவன் ஓட்டில் பெயரைக் கீறினான். அவள் பெயர் எழுதப்படவில்லை. பழகிய கை மட்டும் இழையில் பதிந்திருக்கிறது.

பழைய வழி அறுந்துவிடவில்லை. 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வெள்ளை டி-ஷர்ட் தேடி ஆள் வந்த பிறகு திருப்பூர் ஏற்றுமதி ஊரானது. இன்று நாங்கள் செக்கிங் பார்த்து அடுக்கிக் கட்டும் பெட்டிகள் தூத்துக்குடியில் கப்பலேறி, அதே மத்தியதரைக் கடலுக்குள் போகின்றன. நூல் இப்போது மில்லில் ஓடுகிறது. "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! மூன்று வருடம் முடியும் முன் உடம்பு கெட்டு வீடு திரும்பியவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? பெண்ணின் நகைக்காக என்று அன்று ரோமில் சொன்னார்கள். பெண்ணின் தாலிக்காக என்று இங்கே சொன்னார்கள்.

ஆறும் சாட்சி சொல்கிறது. கொடுமணலுக்கு அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. கிணறுகள் உப்பாயின. குடிநீருக்குக் குடத்தோடு நடந்தது பெண்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலை நின்று அடுப்புக்கு வழியில்லாமல் நின்றவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். ஆறு கெட்டாலும் நட்டம், ஆற்றைக் காப்பாற்றப் போனாலும் நட்டம் என்ற இடத்தில் அவர்களை நிறுத்தியது யார் என்று கேட்காமல் நொய்யலின் வரலாற்றை எழுத முடியாது.

நான் செக்கிங் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். காண்ட்ராக்டர் மூலம் போனதால் கம்பெனிப் பதிவேட்டில் என் பெயர் ஏறியதே இல்லை. சனிக்கிழமை கையில் கிடைத்த பணத்துக்குச் சீட்டு இல்லை. ஒன்றரை ஷிப்டு பார்த்த நாட்களை நானே ஒரு காலண்டரின் பின்னால் கோடு போட்டு வைப்பேன். வீடு மாறும்போது அதையும் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். இப்போது நான் அங்கே வேலை பார்த்ததற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. கொடுமணல் பெண்ணைக் காணோம் என்று வருந்துகிற நான், என்னையே தொலைத்திருக்கிறேன்.

அதனால் இதைப் படிக்கும் தோழிகளுக்கும் மாணவிகளுக்கும் சொல்வது இதுதான். ஈஎஸ்ஐ அட்டை, பிஎஃப் சீட்டு, கேட் பாஸ், ஹாஸ்டல் ரசீது, ஷிப்டுக் கணக்கு எழுதிய காலண்டர் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அம்மா, பாட்டி மில்லுக்கோ கம்பெனிக்கோ போனவர் என்றால் இன்றே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், என்ன வேலை, என்ன கூலி, பக்கத்தில் யார் நின்றார் என்று தேதி போட்டு எழுதுங்கள். முசிறி வணிகத்தின் ஒரு கணக்கு நமக்குத் தெரிவது ஒரு கடன் தாள் அழியாமல் கிடைத்ததால்தான்.

அன்று கிளம்பும்போது எங்களில் ஒருத்தி ஒரு பானை ஓட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். எழுத்து எதுவும் இல்லை. கிடந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன், வைத்தாள். ஆடு மேய்த்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவ வரும்போது சொல்லுங்க அம்மிணி" என்றார். "எங்கம்மா ராட்டை சுத்துனவங்க. அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது."

போன மாதம் போய் எழுதி வந்தோம். நாற்பது பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் அவர் அம்மாவின் பெயர்.