பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கப் போறீங்களா? இன்ஜினுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கைப் பாருங்க!

சேலம், நாமக்கல் பக்கம் ஜீப்புக்கு இருக்கும் மவுசே தனி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டின் 20 வளைவுகள், ஒரு மழைக்கே சேறாகிவிடும் தோட்டத்துப் பாதை என அதற்குக் காரணமும் இருக்கு. புது வண்டி விலை கட்டுப்படியாகாதவர்கள் பழைய மஹிந்திரா ஜீப்பையோ, மாருதி ஜிப்ஸியையோ தேடுகிறார்கள். 'நாமக்கல்ல ரிப்பேர் பண்ண முடியாத வண்டியா?' என்ற தைரியத்தில் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுப்பவர்களும் உண்டு.

அந்த தைரியம் பாதி நியாயமானதுதான். லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர் நாமக்கல். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், லேத் வேலை என எல்லாவற்றுக்கும் பட்டறை இருக்கு. ஆனால், எந்தப் பட்டறையாலும் சரிசெய்ய முடியாத விஷயம் ஆவணம். சரிசெய்தாலும் நம்ப முடியாத விஷயம் சேஸ். இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் இன்ஜினைப் பார்க்கணும்.

ஆவணத்தில் என்ன பார்க்கணும்?

தனியார் வாகனத்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. ஆய்வு முடித்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் முதல் கார், ஜீப் வகைக்கு இந்தக் கட்டணம் ரூ.5,000. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. எனவே, ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்பதுதான் முதல் கேள்வி.

சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கணும். சேஸ் நம்பர் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடலாம். எழுத்துகள் கோணலாக இருந்தாலோ, அந்த இடத்தில் வெல்டிங் தெரிந்தாலோ விலகிவிடுவது நல்லது. இன்ஜின் மாற்றியிருந்தால் புது நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்கணும்.

பைனான்ஸ் இருந்த வண்டி என்றால் படிவம் 35 மூலம் அது நீக்கப்பட்டிருக்கணும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30 தேவை. வெளிமாநில வண்டிக்கு படிவம் 28-ல் தடையில்லாச் சான்று கட்டாயம். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால், அங்கிருந்து ஜீப்புகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. இங்கே மறுபதிவு செய்து வரி கட்டும் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது மலிவா என்பது தெரியும்.

'கவர்ன்மென்ட் ஏல ஜீப்' வாங்கலாமா?

2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவற்றை ஸ்கிராப்புக்குத்தான் அனுப்பணும். ராணுவம் போன்றவற்றின் சிறப்புப் பயன்பாட்டு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏல ரசீதை மட்டும் காட்டி, 'ஆர்.சி. பின்னாடி வரும்' என்று சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம்.

சேஸை எப்படிப் பார்ப்பது?

வண்டியைப் பட்டறையில் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்கணும். ஸ்பிரிங் மாட்டும் இடம், பாடி போல்ட் இறங்கும் இடம், கிராஸ் மெம்பர் மூன்றிலும்தான் துரு முதலில் பிடிக்கும். கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பாடியில் காந்தம் வைத்துப் பாருங்க. ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருப்பார்கள்.

ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்யுதா?

ஒரே தோற்றத்தில் டூ வீல் ஜீப்பும் வந்திருக்கு. மைலேஜுக்காக முன்பக்க புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்தவர்களும் உண்டு. லிவர் இருப்பதை மட்டும் பார்த்து நம்பக் கூடாது.

தார் ரோட்டில் இதைச் சோதிக்கக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். பழைய ஜீப்புகளில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் பிடிப்புள்ள ரோட்டில் கியர் இறுகிக்கொள்ளும், உடையவும் செய்யும். உழுத காடு அல்லது மணல் தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு முன்னும் பின்னும் ஓட்டணும். லிவர் தானாகக் கழன்றாலோ, 'கடக் கடக்' சத்தம் வந்தாலோ செலவு காத்திருக்கு. 4 டயரும் ஒரே அளவில் இருக்கணும். டயரில் 2319 என்று இருந்தால் அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

இன்ஜினை எப்போது பார்க்கணும்?

காலையில், இன்ஜின் சூடேறாதபோது. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் போகலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை என்பதால், விலையைக் குறைத்துப் பேசலாம்.

எந்த வேலையை முதலில் செய்வது?

பிரேக், ஸ்டீயரிங், டயர் முதலில். அடுத்து ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட். பிறகு கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்ஸிலுக்கும் புது ஆயில். டிங்கரிங், பெயின்ட் கடைசியில். பலர் பெயின்டில் தொடங்கி, பிரேக் வேலைக்குப் பணமில்லாமல் நிற்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். பாடியை வெட்டி நீட்டுவது பட்டறைக்குச் சுலபம். பதில் சொல்ல வேண்டியது உரிமையாளர்.

விற்பவரும் கவனிக்கணும்

பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கும், 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்கணும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம்.