தோரியமும் இரகசியமும்

உடுவில், சுன்னாகம் முதலிய ஊர்களின் திருமணப் பந்தல்களிலே ஒருகாலத்தில் வெண்ணொளி பரப்பிய பெற்றோமாக்ஸ் விளக்கை முதியோர் நன்கறிவர். அவ்விளக்கின் ‘மாண்டில்’ என்னும் வலைப்பையில் இருந்தது தோரிய ஒட்சைட்டு. மங்கல விளக்குக்கு உதவிய இப்பொருளே பின்னர் அரசுகள் பூட்டிக் காக்கும் பொருளாயிற்று.

யாழ்ப்பாண மரபினரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி கலையறிஞராகவே பெரிதும் போற்றப்படுகின்றார். ஆயினும் அவர் முதலில் நிலநூல் வல்லுநர். இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் முதல் இயக்குநர். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய, கனமான சதுரப் பளிங்குகள் அவர் வாயிலாக இலண்டன் சென்றன. ஆங்கு ஆராய்ந்த டன்ஸ்டன், அவை தோரியம் மிக்க புதிய கனிமம் எனக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டு 1904 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திலிருந்த ஒற்றோ ஆன் என்னும் ஜெர்மானிய இளைஞர், இவ்விலங்கைக் கனிமத்திலிருந்தே கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தார். 1938 இல் யுரேனிய அணு பிளவுறுவதை ஸ்திராஸ்மனோடு கண்டவரும் அவரே. கண்டதைக் கண்டவாறே அச்சிட்ட காலம் அது. ஆயின் அதனை வள்ளன்மையின் காலமென்று கொள்ளுதல் பொருந்தாது. குடியேற்ற நாட்டின் கனிமத்திற்கு விலை குறித்தவர் பிறரே.

தென்குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியிலும் இந்நிலையே. அங்குள்ள மொனசைற்று மணலிலே தோரியம் உண்டென்பதை 1909 இல் கண்டவர் ஷோம்பேர்க் என்னும் ஜெர்மானியர். மணல் மாண்டில் தொழிலுக்காகக் கப்பலேறிற்று. 1945 இன் பின் அதன் மதிப்பு மாறிற்று. தோரியம் தானாக வெடிப்பதன்று. அது நியூத்திரனை ஏற்றுப் படிப்படியாக யுரேனியம்-233 ஆகும். அதுவோ பிளவுறத்தக்கது.

1948 ஏப்ரலில் இந்திய அரசியல் நிர்ணய சபையிலே அணுச்சக்தி மசோதா வந்தது. கனிமங்கள் அரசின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கின. ஆராய்ச்சிச் செய்திகளும் மறைபொருளாயின. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து, பிரித்தானியச் சட்டம் பாதுகாப்புக்குரிய ஆராய்ச்சியிலன்றோ இரகசியத்தை வைத்தது, இங்கு அமைதிக்குரிய ஆராய்ச்சிக்கும் அது ஏன் என்று வினவினார். இரண்டையும் வேறுபடுத்தும் வழி தமக்குத் தெரியவில்லை என்றார் நேரு. அவ்விடை நேர்மையானது, அதனாலேயே அச்சந்தருவது. கனிமத்தைக் காக்க வேண்டிய நியாயம் புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கு இருந்தது. ஆனால் மணலுக்கு இட்ட பூட்டே ஆய்வாளர் நாவுக்கும் இடப்பட்டது.

இரகசியம் வளர்ந்தவிடத்து ஆளையும் சோதித்தது. ஐக்கிய அமெரிக்காவில் அணுகுண்டு ஆய்வுகூடத்தை நடத்திய ஓப்பன்ஹைமருக்கே 1954 இல் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. ஆணைக்குழுவினர் ஐவருள் நால்வர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். அம்முடிவு 2022 இல் நீக்கப்பட்டது. அவர் இறந்ததோ 1967 இல்.

இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1962 இல் வேறொன்று இயற்றப்பட்டது. செய்தி வெளியிடுதலைத் தடுக்கும் பிரிவு அதனுள்ளும் இடம்பெற்றது.