பரங்கிமலைப் படிகளில் ஒரு கணக்கு

வடசென்னையில் மலை கிடையாது. இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எண்ணூர்க் கழிமுகம் வரை நிலம் கடல்மட்டத்தை ஒட்டியே படுத்துக் கிடக்கிறது. இங்கே நிமிர்ந்து பார்க்க வேண்டியவை துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், அடுக்கிவைத்த சரக்குப் பெட்டகங்களும், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுந்தாம். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேடு என்றால் சாம்பல் மேடு.

ஆதலால், நம் பகுதி இளைஞர் சிலர், "அறப்பணிக்கு நிதி திரட்ட மலையேறப் போகிறோம்" என்று வந்து நின்றபோது நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. தந்தையைக் கடலில் பறிகொடுத்த பிள்ளைகள் சிலரின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தவக்காலத்து வெள்ளி ஒன்றில் பரங்கிமலைப் படிகளை ஏறுவது. ஏறும் ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு ரூபாய் என்று உற்றார் உறவினரிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்வது. மேலைநாடுகளில் இது பெருவழக்கு என்பதைச் செய்தித்தாளில் படித்திருந்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தே முதுமையை அடைந்தவர். அவர் கேட்டார்: "ஏறப்போறது நீங்க. காசு குடுக்கப்போறது நாங்க. படிக்கப்போறது அந்தப் புள்ளைங்க. நடுவுல மலைக்கு என்னப்பா வேலை?"

ஒருவராலும் உடனே விடை சொல்ல இயலவில்லை, நம்மாலும் இயலவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பழைய ஏடுகளைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

பரங்கிமலை ஏறக்குறைய முந்நூறடி உயரமுள்ள சிறு குன்று. மலையேறுவோர் அகராதியில் அதற்கு இடமே இராது. ஆயினும் திருத்தூதர் தோமையார் குருதி சிந்திய இடமென்று மரபு போற்றும் அக்குன்று, தென்னகத்துக் கிறிஸ்தவர் நெஞ்சில் பேருயரம் கொண்டது. 1523-இல் போர்ச்சுகீசியர் அங்கே ஆலயம் எழுப்பினர். 1547-இல் அடித்தளம் தோண்டியபோது பாலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்ததையும், 1558 டிசம்பர் 18-ஆம் நாள் திருப்பலி வேளையில் அச்சிலுவையில் குருதி வியர்த்ததாக மக்கள் கண்டு நம்பியதையும் வாசகர் அறிவர். மக்கள் திரள் திரளாகச் சென்றார்கள். செல்வதற்கு வழிதான் செம்மையாக இல்லை. கோட்டையிலிருந்தும் அதன் வடபுறத்து வணிக நகரிலிருந்தும் புறப்படுவோர் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் திருப்பயணம் கரையோடு முடிந்துவிடும். ஆற்றைக் கடந்தாலும் அடுத்தது பாறை.

இவ்விரண்டு இடையூறுகளையும் தம் சொந்தப் பொருளால் நீக்கியவர் ஒரு வணிகர். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பது அவர் பெயர். பாரசீகத்து ஜுல்பா நகரத்து ஆர்மேனியக் குடியில் பிறந்தவர். மணிலாவோடு வாணிகம் செய்து பொருள் குவித்தவர். 1724 அளவில் சென்னையில் நிலைகொண்டவர். மணிலா அந்நாளில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயர் அங்கே நேராகக் கடை விரிக்க முடியாது. எனவே சென்னைத் துணிகள் ஆர்மேனியர் பெயரில் கப்பலேறின. வெள்ளி திரும்பி வந்தது. உஸ்கான் வந்த சமூகத்தின் நினைவாகவே ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெரு இருக்கிறது. நம் மக்கள் வாயில் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. அந்தோனியாரைத் தேடிச் செவ்வாய்க்கிழமைகளில் அத்தெருவுக்குப் போவோரில் எத்தனை பேர் அங்கே அரண்மனை எங்கே என்று கேட்டிருப்பார்கள்!

உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மாம்பலத்தின் பெயரை ஆங்கிலேயர் திரித்து அதை 'மர்மலாங் பாலம்' என்றனர். அதற்கு அவர் முப்பதாயிரம் வராகன் செலவிட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறும். பாரசீகம், ஆர்மேனியம், இலத்தீன் ஆகிய மொழிகளில் பொறித்த நினைவுக்கல் அப்பாலத்தருகே நடப்பட்டது. பழைய பாலம் போய், 1966-இல் அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் எழுந்த பின்னும் அக்கல் நின்றது. பேருந்தில் விரைவோர் அதை ஏறெடுத்துப் பார்த்தாரில்லை.

பாலத்தோடு அவர் நிற்கவில்லை. குன்றின் அடியிலிருந்து உச்சி வரை கருங்கற்படிகளும் அமைத்தார். 160 படிகள் என்பது நூல்கள் தரும் கணக்கு. இன்று அப்படிகளின் ஓரமாகச் சிலுவைப்பாதை நிலைகள் பதினான்கும் நிற்கின்றன. உச்சிக்கு வண்டிச்சாலை வந்துவிட்டபோதிலும், நேர்ச்சை உள்ளவர்கள் படிவழியே ஏறுகிறார்கள். நமக்கு வியப்பளிப்பது மற்றொன்று. கட்டியதோடு கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. பிற்காலப் பராமரிப்புக்கென்று தனியே ஒரு முதலையும் ஒதுக்கிவைத்தார். திறப்புவிழாவுக்குப் பிறகு பழுதுபார்க்க ஆளின்றிக் கிடக்கும் நம் காலத்துக் கட்டடங்களை நினைத்தால், அந்த வணிகரின் முன்யோசனை நம்மை நாணச் செய்கிறது.

அவருடைய பிற்பகுதி வாழ்வு மேட்டில் ஏறவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். புதுச்சேரிக்கு வந்து குடியேறுமாறு அவர்கள் அழைத்தும் அவர் இணங்கவில்லை. அதனால் உடைமைகளை இழந்தார். 1749-இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற ஐயத்தின்பேரில் கத்தோலிக்க ஆலயங்கள் பறிக்கப்பட்டன. வேப்பேரியில் அவர் அன்னை மரியாவுக்கு எழுப்பிய சிற்றாலயமும் தப்பவில்லை. 1751 ஜனவரியில் அவர் காலமானார். மறு ஆண்டே அது, பின்னாளில் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பால் புகழ்பெற்ற லுத்தரன் மறைப்பணியாளர் பெப்ரீசியுஸ் வசம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கே நிற்பது புனித மத்தியா ஆலயம். உஸ்கானின் உடல் அங்கே உறங்குகிறது. இதயத்தை மட்டும் பேழையில் வைத்து, அவர் விருப்பப்படியே பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்குக் கொண்டுசென்றார்கள்.

பெருவணிகர் ஒருவர் துறந்த கதை நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்வணிகர் பட்டினத்தார் அனைத்தையும் உதறிவிட்டு வந்து அடங்கிய இடம் நம் திருவொற்றியூர்க் கடற்கரைதான். உஸ்கான் துறவியல்லர். இறுதிவரை வணிகராகவே இருந்து, கணக்குப் பார்த்தே கொடுத்தார். ஆனால் அவர் போட்ட கணக்கில், பிறர் மூச்சிரைக்காமல் ஏறுவதற்காக ஒருவர் பொருள் தந்தார். இன்றைய அறமலையேற்றத்திலோ, ஒருவர் மூச்சிரைக்க ஏறுவதைக் கண்டு பிறர் பொருள் தருகிறார்கள். பெரியவரின் கேள்வி இவ்விரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இந்தப் புதிய வழக்கம் எவ்வாறு வேர்விட்டது? அதற்கும் பரங்கிமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அலுவலர், பரங்கிமலையருகே எஃகுச் சங்கிலியை நீட்டி, ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும்பணி அங்கிருந்து தொடங்கியது. முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அது வடக்கே நகர்ந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் இமயத்தை எட்டியது. இராதாநாத் சிக்தார் உள்ளிட்டோர் கணித்த சிகரம் ஒன்றின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது. அதுவே எவரெஸ்ட். நம் முந்நூறடிக் குன்றின் அடிவாரத்தில் விரித்த சங்கிலியின் மறுமுனை, உலகின் உச்சியைத் தொட்டது எனலாம்.

அந்த உச்சியில் 1953 மே 29-ஆம் நாள் டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் கால் வைத்தார்கள். டென்சிங் பிறர் மூட்டையைச் சுமந்தே மலையேறக் கற்றவர் என்பதை நம் துறைமுகப் பெரியவருக்குச் சொன்னோம். "அப்படிச் சொல்லு" என்றார். ஹிலாரியின் கதையில் நாம் போற்றுவது ஏறியதன்று, இறங்கியபின் செய்தது. ஷெர்ப்பா மக்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். 1960-இல் அறக்கட்டளை நிறுவினார். 1961-இல் கும்ஜுங் ஊரில் பள்ளி எழுந்தது. 1966-இல் குந்தேயில் மருத்துவமனை. தம் பெயரால் எவரும் பொருள் தருவர் என்று அறிந்த அவர், நாடு நாடாகச் சென்று அப்பெயரைக் காட்டிக் கையேந்தினார். 1975-இல், மருத்துவமனைப் பணியிலிருந்த அவரிடம் வந்துசேரப் புறப்பட்ட மனைவியும் இளைய மகளும் காட்மாண்டு அருகே விமான விபத்தில் மாண்டனர். அதன் பின்னும் அவர் அம்மலைகளுக்கு மரக்கட்டையும் தகரமும் சேர்ப்பதை விடவில்லை.

புகழ்மிக்க ஒருவர் செய்ததை, பின்னாளில் எவரும் செய்யலாம் என்றாயிற்று. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர், இதற்கென்றே பெயர்பெற்றுவிட்டது. 2009-இல் பிரித்தானியக் கலைஞர்கள் சிலர் அதில் ஏறி, மலேரியாவைத் தடுக்கும் பணிக்காக முப்பது லட்சம் பவுனுக்கு மேல் திரட்டினார்கள். நன்றே. ஆயினும் அம்மலையில் ஏறுவோரின் கூடாரத்தையும் உணவையும் தலையில் சுமந்து முன்னே ஓடுபவர்கள் உள்ளூர்ச் சுமையாட்கள் என்பதை மறத்தல் ஆகாது. அறத்துக்காக ஏறுபவர், தம் மூட்டையைத் தூக்கியவருக்கு நியாயமான கூலி சேர்ந்ததா என்று கேட்கிறாரா? பயணச்செலவும் விடுதிச்செலவும் போக, எவருக்காகத் திரட்டினாரோ அவருக்குப் போவது எவ்வளவு? இவை குதர்க்கமான கேள்விகள் என்று நாம் எண்ணவில்லை.

இவ்விடத்தில் பியர் ஜார்ஜோ பிரசாத்தி நினைவுக்கு வருகிறார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக அறிவித்த இளைஞர். இத்தாலியின் துரின் நகரத்துப் பத்திரிகை அதிபரின் மகன். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவதென்றால் அவருக்கு உயிர். அவர் மலையைக் காட்டிக் காசு கேட்டதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடேறிச் சென்றார். ரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, மிச்சம் பிடித்ததை அவர்களுக்குத் தந்தார். 24 வயதில், 1925 ஜூலை 4-ஆம் நாள் இளம்பிள்ளைவாதம் அவரைக் கொண்டுபோயிற்று. சாகுந்தறுவாயில் நடுங்கும் கையால் அவர் எழுதிய குறிப்பு, ஓர் ஏழை நோயாளிக்குச் சேர வேண்டிய மருந்தைப் பற்றியது. அடக்கத்தன்று தெருவெல்லாம் நிறைந்த ஏழைகளைப் பார்த்துத்தான், தங்கள் மகன் யார் என்று பெற்றோருக்கே தெரிந்தது.

துரின் வரை போனோம், இராயபுரத்துக்குத் திரும்புவோம். இங்கே துறைமுகம் கட்டப்படுமுன், கப்பல்கள் நடுக்கடலில் நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், சீறும் அலைகளைத் தாண்டி, ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். உஸ்கானின் செல்வமும் அவர்களைப் போன்றோர் தோளேறித்தான் கரைக்கு வந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்தப் படகோட்டிகளின் உழைப்புக் காசில் எழுந்தது புனித இராயப்பர் ஆலயம். இராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்பார்கள். அலை என்பதும் ஒருவகை மலைதான். ஒவ்வொரு நாளும் அதில் ஏறி இறங்கியவர்கள், கிடைத்த கூலியில் ஒரு பங்கை எடுத்துவைத்தார்கள். எவரும் அவர்களை வேடிக்கை பார்த்துக் காசு தரவில்லை.

இதையெல்லாம் இளைஞர்களிடம் சொன்னோம். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில், போவதற்குத் தடையில்லை என்றும், ஆனால் இரயில் கட்டணத்தை அவரவர் கையிலிருந்து போட வேண்டும் என்றும், திரட்டிய காசில் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது என்றும் சொன்னார். தாமும் வருவதாகச் சொன்னார்.

கடற்கரை நிலையத்தில் ஏறிப் பரங்கிமலை நிலையத்தில் இறங்கினோம். சிலுவைப்பாதை செபித்துக்கொண்டே ஏறியதால், நிலைக்கு நிலை மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. பெரியவர் மட்டும் செபத்துக்கு இடையே உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். உச்சியில் ஆலயத்தின் முன் நின்று, வடக்கே தூரத்தில் மங்கலாகத் தெரிந்த நகரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, புத்தகத்தில் உள்ள 160 என்ற கணக்கு தம் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றார். திருப்பத்தில் வரும் அகலப் படிகளைச் சேர்ப்பதா கூடாதா என்று இளைஞர்களுக்குள் வாக்குவாதம் மூண்டது.

"சண்டை வேணாம். புத்தகத்துல இருக்கறதே இருக்கட்டும்" என்று சொல்லி, இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து, படிக்கு ஒரு ரூபாயாக 160 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். எழுதிக்கொள்ள வந்த பையன் பெயரைக் கேட்டான். பெரியவர் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தார்.