அலவாங்கின் நுனியும் ஈழத்து உருக்கும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லால் ஆயது. இரும்புத்தாது அங்கு இல்லை. எனினும், வற்றாத ஆறில்லாத அந்நிலத்திற் கல்லைப் பிளந்து கிணறு தோண்டினாலன்றி வேளாண்மை இல்லை. கல்லைப் பிளப்பது அலவாங்கு. அச்சொல் போர்த்துக்கீசர் தந்தது. அதனைக் கூராக்கிய கம்மாலைக் கொல்லனின் கலையோ அவர்க்கு மிக முற்பட்டது.

அலவாங்கின் நுனி மெதுவாயின் மழுங்கும். மிகக் கடினமாயின் முறியும். இரும்பில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைந்த கரி சேர்ந்தாலே அது உருக்காகிவிடும். அவ்வுருக்கைச் செந்தணலாக, ஏறத்தாழ 800 பாகை சென்ரிகிரேட் வரை காய்ச்சி நீரில் தோய்த்தால், அரத்துக்கும் அசையாத கடினமும் கண்ணாடியின் நொறுங்குதன்மையும் ஒருங்கே வரும். பின்னர் மெல்லச் சூடேற்றும்போது, மினுக்கிய பரப்பில் 230 பாகை அளவில் வைக்கோல் மஞ்சளும், 300 பாகையில் நீலமும் தோன்றும். மஞ்சளில் நிறுத்தினாற் கூர் நிலைக்கும். நீலத்தில் நிறுத்தினால் வளைந்து கொடுக்கும். இதுவே தோய்ச்சல். வெப்பமானி அறியாத கொல்லனுக்குக் கண்ணே அளவுகோல்.

உருக்கை ஆக்கும் தொழில் தீவின் தென்மலைச் சாரலில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குலத்து முத்துக் குமாரசுவாமியின் மைந்தரும், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராயிருந்தவருமான ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் அதனைக் கண்டு, 1908இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். இரும்புத்துண்டுடன் ஆவரை விறகுச் சிராய்களை மண்மூசையிலிட்டு மூடி உலையில் வைப்பர். விறகின் கரி இரும்பில் ஏறும். மலிவான மேனாட்டு உருக்கின் வரவால் அத்தொழில் அப்போதே மறையும் தறுவாயில் இருந்தது. முதியோர் சிலரே அதனை அறிந்திருந்தனர்.

இத்தகைய மூசையுருக்குத் தென்னிந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்றபோது, அங்குள்ள கொல்லர் தம் வழக்கப்படி வெண்சூட்டில் வைத்து அடித்தனர், அது பொடிபட்டது. குறை உருக்கினதன்று. நூற்றுக்கு ஒன்றரைப் பங்குவரை கரி கொண்ட உருக்கு விரைவில் இளகத் தொடங்குவதால், செந்தணலில் மட்டுமே சம்மட்டிக்கு இணங்கும். அதன் இரகசியத்தை நாடிய மைக்கல் பரடே, 1819 முதற் சில ஆண்டுகள் உருக்குடன் வெள்ளி, பிளாற்றினம் முதலியவற்றைக் கலந்து ஆராய்ந்தார். கலப்புலோக உருக்கின் வரலாற்றில் இது ஒரு தொடக்கம்.

1882இல் மங்கனீசு உருக்கைக் கண்டவர் றொபேட் ஹட்பீல்ட். அவரே 1912இல் இலங்கையின் பண்டை இரும்புப் பொருள்களைச் சோதித்தார். அவற்றுள் ஒன்று சிகிரியாவில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டின் உளி. பாறையைச் செதுக்க வேண்டிய அக்கருவி கரியேற்றித் தோய்க்கப்பட்டதற்கான அடையாளங்களை அவர் கண்டார்.